லித்தியமா, சீசியமா: கார உலோகங்களில் எது வினைத்திறன் மிக்கது?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. கார உலோகங்களில், அதாவது லித்தியத்தில் தொடங்கி ஒரே தொகுதியில் (அட்டவணையின் ஒரே நெடுவரிசையில்) நிற்கும் உலோகங்களில், மேலிருந்து கீழே செல்லச் செல்ல வினைபடுதிறன் கூடுகிறது என்று தனிம வரிசை அட்டவணைப் பாடம் சொல்கிறது. மின்வேதியியல் பாடமோ லித்தியத்தையே வலிமை மிக்க ஒடுக்கி (பிறவற்றுக்கு எலக்ட்ரானைக் கொடுப்பது) என்கிறது. புளூரின், குளோரின் முதலிய ஹாலஜன்களில் எலக்ட்ரான் நாட்டம் (அணு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளியாகும் ஆற்றல்) மிகுந்தது குளோரின். ஆனால் வலிமை மிக்க ஆக்சிஜனேற்றி (பிறவற்றிடமிருந்து எலக்ட்ரானைப் பறிப்பது) புளூரின். இவற்றை விதிவிலக்குகள் என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போவதா, அல்லது உள்ளே ஏதேனும் காரணம் இருக்கிறதா என்பது கேள்வி. பல ஆண்டுகளாக இளங்கலை மாணவர்களுக்குக் கனிம வேதியியல் நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஐயம் எழுந்ததே நீங்கள் பாடத்தைச் சரியாகப் படிக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். இரண்டு கூற்றுகளும் உண்மைதான். அவை வெவ்வேறு அளவுகளைப் பற்றிப் பேசுகின்றன. ஒரே பெயரில் பேசுவதால் முரண்படுவதுபோலத் தோன்றுகின்றன.

ஐயத்துக்கு இடமில்லாத பகுதியிலிருந்து தொடங்குவோம். தனித்த ஓர் அணு வாயு நிலையில் இருக்கும்போது அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றலே முதல் அயனியாக்கும் ஆற்றல். அது லித்தியத்துக்கு 520, சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419, ருபீடியத்துக்கு 403, சீசியத்துக்கு 376 ஆகும். இங்கும் இனி வரும் இடங்களிலும் ஆற்றல் மதிப்புகள் யாவும் ஒரு மோலுக்குக் கிலோஜூல் என்ற அலகில் தரப்படுகின்றன. கீழே செல்லும்போது கடைசி எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து விலகிக்கொண்டே போகிறது, உள்கூட்டு எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பைப் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன, ஆகவே எலக்ட்ரானைப் பறிப்பது எளிதாகிறது. நிறமாலை அளவீடுகளால் மிகத் துல்லியமாக உறுதி செய்யப்பட்ட எண்கள் இவை. கீழே செல்லச் செல்ல வினைபடுதிறன் கூடும் என்று பாடநூல் சொல்லும்போது அது சார்ந்திருப்பது இந்த எண்களையே.

ஆனால் ஆய்வகத்தில் நம் கையில் இருப்பது தனித்த வாயு அணு அன்று. நம்மிடம் இருப்பது ஒரு துண்டு உலோகம். அது நீரில் கரைந்து நீரேறிய அயனியாக மாறுகிறது. அந்த மாற்றத்தை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்: முதலில் உலோகத்திலிருந்து அணுவைப் பிரித்து வாயுவாக்க வேண்டும், அடுத்து அந்த அணுவிலிருந்து எலக்ட்ரானை நீக்க வேண்டும், பிறகு உருவான அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது ஆற்றல் வெளிப்படும். முதல் இரண்டும் செலவு, மூன்றாவது வரவு. லித்தியத்துக்கு முதல் படியில் 159, இரண்டாம் படியில் 520, ஆக 679 செலவாகிறது. நீரேற்றத்தில் ஏறத்தாழ 520 திரும்பக் கிடைக்கிறது. நிகரச் செலவு 159. சோடியத்துக்கு 107, 496 என்று 603 செலவு, 405 வரவு, நிகரம் 198. பொட்டாசியத்துக்கு 89, 419 என்று 508 செலவு, 321 வரவு, நிகரம் 187. சீசியத்துக்கு 76, 376 என்று 452 செலவு, 277 வரவு, நிகரம் 175. நிகரச் செலவு எதற்குக் குறைவோ அதுவே நீர்க்கரைசலில் எலக்ட்ரானை எளிதாக விட்டுக்கொடுக்கும் உலோகம். லித்தியம் முதலிடம் பெறுகிறது, சோடியம் கடைசிக்குப் போகிறது. திட்ட மின்முனை மின்னழுத்தங்களும் (எதிர்க்குறியோடு எண் பெரிதாக ஆக, உலோகம் நீர்க்கரைசலில் எலக்ட்ரானை எளிதாக விடும்) இதையே காட்டுகின்றன: லித்தியத்துக்கு −3.04 வோல்ட், பொட்டாசியத்துக்கு −2.93, சோடியத்துக்கு −2.71.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, லித்தியத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருவது மூன்றாவது படி மட்டுமே என்பதாகும். அணுவைப் பிரித்தெடுப்பதிலும் எலக்ட்ரானைப் பறிப்பதிலும் லித்தியம்தான் தொகுதியிலேயே அதிகச் செலவு வைக்கிறது. ஆனால் அதன் அயனி மிகச் சிறியது. சிறிய கோளத்தில் ஒரு முழு நேர்மின்சுமை செறிந்திருப்பதால் நீர் மூலக்கூறுகளை அது மற்ற எந்தக் கார உலோக அயனியைவிடவும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. நீர் இல்லாத சூழலில் இந்த வரவு இல்லை. அங்கே லித்தியம் ஓர் சாதுவான உலோகம்போல நடந்துகொள்ளலாம். ஆகவே லித்தியமே வலிமை மிக்க ஒடுக்கி என்ற வாக்கியத்துக்கு முன்னால், நீர்க்கரைசலில் என்ற சொல் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும். அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுதப்படும் குறிப்புகளே மாணவர்களின் குழப்பத்துக்குப் பெரும்பங்கு காரணம் என்பது என் கருத்து.

மேலே தந்த எண்களில் எவை உறுதியானவை, எவை தளர்வானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அயனியாக்கும் ஆற்றல்கள் உறுதியானவை. நீரேற்ற ஆற்றல்கள் அப்படியல்ல: கரைசலில் ஒரு நேர் அயனி எப்போதும் ஓர் எதிர் அயனியோடு சேர்ந்தே கரைகிறது, ஆகவே இரண்டின் கூட்டுத்தொகையை அளக்க முடியுமே தவிர, தனித்தனியே பிரிப்பதற்கு ஏதாவதொரு அனுமானம் தேவைப்படுகிறது. லித்தியத்தின் நீரேற்ற ஆற்றல் ஒரு நூலில் 506 என்றும் இன்னொரு நூலில் 520 என்றும் இருப்பதை நீங்கள் காணலாம். அதேபோல் சீசியத்தின் மின்னழுத்தம் சில அட்டவணைகளில் −2.92 என்றும் சிலவற்றில் −3.03 என்றும் இருக்கிறது. அதனால் சீசியமும் பொட்டாசியமும் ருபீடியமும் தங்களுக்குள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதை வைத்துக் கொள்கை பேசுவது சரியன்று. லித்தியம் மேலே, சோடியம் கீழே என்பது மட்டும் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் மாறாது. இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம்: உலோகம் நீரோடு வினைபுரியும்போது வெளியாகும் வெப்பத்தை நேரடியாகக் கணக்கிட்டால் லித்தியத்துக்கு 222, சீசியத்துக்கு 203, பொட்டாசியத்துக்கு 196, சோடியத்துக்கு 184 கிடைக்கிறது. வரிசை அதேதான்.

இப்போது ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். லித்தியம்தான் அதிக வெப்பத்தை வெளியிடுகிறது என்றால், நீரில் போட்டவுடன் அது ஏன் மெல்ல நுரைத்துக்கொண்டு மிதக்கிறது, பொட்டாசியம் ஏன் தீப்பற்றுகிறது, சீசியம் ஏன் வெடிக்கிறது? ஒரு வினை எவ்வளவு ஆற்றலை வெளியிடும் என்பதும் அது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். வேகத்தைத் தீர்மானிப்பதில் உருகுநிலைக்குப் பெரிய பங்கு உண்டு. லித்தியம் 180.5 டிகிரி செல்சியசில் உருகுகிறது. சோடியம் 98 டிகிரியில், பொட்டாசியம் 63.5 டிகிரியில், சீசியம் 28.5 டிகிரியில் உருகுகின்றன. வினையின் வெப்பத்தில் சோடியம் உருகிப் பளபளக்கும் உருண்டையாகி நீர்ப்பரப்பில் ஓடுகிறது. அதன் புறப்பரப்பு ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. லித்தியம் நீரின் கொதிநிலையைத் தாண்டித்தான் உருகும் என்பதால் திண்மமாகவே இருந்து, தன் முகப்பு முழுவதையும் புதிதாகக் காட்டாமல் வினைபுரிகிறது. லித்தியம் ஹைட்ராக்சைடு மற்ற ஹைட்ராக்சைடுகளைவிடக் குறைவாகக் கரைவதும் ஒரு துணைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எலக்ட்ரானைப் பறிக்கும் தடை கீழே செல்லச் செல்லக் குறைவதும் வேகத்தைக் கூட்டுகிறது. இவற்றில் எதன் பங்கு எத்தனை என்று பிரித்துச் சொல்லுமளவுக்குத் தெளிவான சான்று இருப்பதாக நான் கருதவில்லை. மூன்றும் ஒரே திசையில் இழுக்கின்றன என்பதோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

சோடியம் வெடிப்பதற்கு வெளியாகும் ஹைட்ரஜன் தீப்பற்றுவதே காரணம் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பிராக் நகர வேதியியலாளர் பாவெல் யுங்விர்த் குழுவினர் அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் சோடியம்-பொட்டாசியம் கலவையின் துளியை நீரில் விட்டு அதிவேகக் கேமராவால் படம் பிடித்தனர். நீரைத் தொட்ட பிறகு ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் உலோகத்துளியிலிருந்து கூர்மையான ஊசிகள் நாலாபுறமும் பீறிட்டன. உலோகத்தின் புறப்பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் மிக விரைவாக நீருக்குள் பாய்ந்துவிடுவதால் எஞ்சிய நேர் அயனிகள் ஒன்றையொன்று விலக்கித் துளியையே சிதறடிக்கின்றன என்பது அவர்களின் விளக்கம். ஹைட்ரஜன் தீப்பற்றுவது அதன் பின்னர் நடப்பது. நூற்றாண்டுக்கும் மேலாக வகுப்பறைகளில் காட்டப்பட்டு வரும் சோதனை ஒன்றின் காரணம் இவ்வளவு அண்மையில்தான் தெளிவடைந்தது என்பதை என் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். தொகுதிப் போக்குகள் முடிந்துபோன பாடம் என்று எண்ண வேண்டாம்.

ஹாலஜன்களின் புதிரையும் இதே கணக்கு அவிழ்த்துவிடும். வாயு அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளியாகும் ஆற்றல் புளூரினுக்கு 328, குளோரினுக்கு 349, புரோமினுக்கு 325, அயோடினுக்கு 295. புளூரின் அணு மிகச் சிறியது. அதன் இரண்டாவது கூட்டில் ஏற்கெனவே நெருக்கியடித்திருக்கும் ஏழு எலக்ட்ரான்களோடு எட்டாவது வந்து சேரும்போது ஏற்படும் விலக்கல், அணுக்கருவின் ஈர்ப்பால் கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. ஆனால் ஆக்சிஜனேற்றியாகச் செயல்படுவது புளூரின் அணு அல்ல, புளூரின் மூலக்கூறு. அதன் பிணைப்பை உடைக்க 158 போதும், குளோரின் பிணைப்புக்கோ 242 தேவை. உருவாகும் புளூரைடு அயனியை நீர் சூழும்போது 506 அளவில் கிடைக்கிறது, குளோரைடுக்கு 364 மட்டுமே. ஒரு மோல் அயனிக்குக் கணக்கிட்டால் புளூரினுக்கு 79 செலவு, 328ம் 506ம் வரவு, நிகர ஆதாயம் 755. குளோரினுக்கு 121 செலவு, 349ம் 364ம் வரவு, நிகர ஆதாயம் 592. எலக்ட்ரான் நாட்டத்தில் இழந்த 21ஐப் புளூரின் மற்ற இரண்டு படிகளில் பல மடங்காக ஈட்டிவிடுகிறது. 2.87 வோல்ட், 1.36 வோல்ட் என்று அவற்றின் மின்னழுத்தங்கள் அத்தனை தூரம் விலகி நிற்பதன் காரணம் இதுதான்.

புளூரினின் பிணைப்பு ஏன் அவ்வளவு வலுவற்றது என்று கேட்டால், எலக்ட்ரான் நாட்டத்தைக் குறைத்த அதே நெருக்கடிதான் விடை. இரண்டு சிறிய அணுக்கள் அருகருகே வரும்போது பிணைப்பில் ஈடுபடாத இணை எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஆக்சிஜனின் எலக்ட்ரான் நாட்டம் 141, கந்தகத்தினுடையது 200 என்றிருப்பதும், பெராக்சைடுகளின் ஆக்சிஜன்-ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பு எளிதில் முறிவதும் இதே வகையைச் சேர்ந்தவை. எந்தத் தொகுதியிலும் முதல் தனிமம் தன் தம்பிகளைப் போல் நடந்துகொள்வதில்லை என்பதை ஒரு பொது விதியாகவே கொள்ளலாம். குறுக்கு வரிசையில் தெரியும் சறுக்கல்களுக்கும் எலக்ட்ரான் அமைப்பே காரணம்: பெரிலியத்தின் 899க்குப் பிறகு போரான் 801க்கு இறங்குவது அதன் கடைசி எலக்ட்ரான் ஆற்றல் கூடிய பி ஆர்பிட்டாலில் (ஆர்பிட்டால் என்பது அணுவில் எலக்ட்ரான் இருக்கும் இடப்பகுதி) இருப்பதால், நைட்ரஜனின் 1402க்குப் பிறகு ஆக்சிஜன் 1314க்கு இறங்குவது அங்கே முதன்முறையாக ஒரு பி ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் இணைய வேண்டியிருப்பதால்.

நீர் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்; தொகுதிப் பண்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. காற்றில் எரிக்கும்போது லித்தியம் சாதாரண ஆக்சைடைத் தருகிறது, சோடியம் பெரும்பாலும் பெராக்சைடைத் தருகிறது, பொட்டாசியமும் அதற்குக் கீழுள்ளவையும் சூப்பராக்சைடைத் தருகின்றன. சிறிய நேர் அயனி சிறிய எதிர் அயனியோடும் பெரிய நேர் அயனி பெரிய எதிர் அயனியோடும் சேரும்போதே படிகம் நிலைபெறுகிறது என்பதே இதன் அடிப்படை; பெராக்சைடு, சூப்பராக்சைடு அயனிகள் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கொண்டவை என்பதால் சாதாரண ஆக்சைடு அயனியைவிடப் பெரியவை. கார்பனேட்டுகளிலும் இதையே காண்கிறோம்: லித்தியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் ஆக்சைடாகச் சிதைகிறது, சோடியம் கார்பனேட்டோ உருகுமே தவிர எளிதில் சிதையாது. கரைதிறனிலும் அப்படியே: 100 மில்லிலிட்டர் நீரில் லித்தியம் புளூரைடு ஏறத்தாழ 0.13 கிராம் மட்டுமே கரையும், சீசியம் புளூரைடு 300 கிராமுக்கும் மேல் கரையும். இன்னும் வியப்பானது நைட்ரஜனோடு நடக்கும் வினை. கார உலோகங்களில் லித்தியம் மட்டுமே அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடாகிறது. இந்த ஒரு வினையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் வினைபடுதிறன் கீழே செல்லச் செல்லக் குறைகிறது என்றே எழுத வேண்டியிருக்கும். அடுத்த தொகுதியில் மூலைவிட்டத்தில் நிற்கும் மெக்னீசியமும் நைட்ரைடைத் தருவது தற்செயல் அன்று. இரண்டின் அயனி ஆரங்களும் நெருங்கியவை.

தொகுதியின் அடிப்பகுதிக்கு வந்தால் வேறொரு வகைச் சிக்கல் காத்திருக்கிறது. பிரான்சியமே வினைத்திறன் மிக்க உலோகம் என்று பல நூல்கள் எழுதிவிடுகின்றன. அதன் மிக நீண்ட ஆயுளுடைய ஐசோடோப்பின் அரை ஆயுளே 22 நிமிடங்கள். கண்ணால் காணத்தக்க துண்டு எதையும் எவரும் நீரில் போட்டுப் பார்த்ததில்லை. அளக்கப்பட்டது அதன் அயனியாக்கும் ஆற்றல்: 393. அதாவது சீசியத்தின் 376ஐவிட அதிகம். கனமான அணுக்கருவின் அருகே எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கை எட்டும் வேகத்தில் இயங்குவதால், சார்பியல் விளைவு காரணமாக எஸ் ஆர்பிட்டால்கள் சுருங்கிவிடுகின்றன; கடைசி எலக்ட்ரான் எதிர்பார்த்ததைவிட இறுக்கமாகப் பிடிக்கப்படுகிறது. போக்கு சீசியத்தோடு திரும்பிவிடுகிறது. ஹாலஜன்களின் அடியில் உள்ள அஸ்டட்டைனின் எலக்ட்ரான் நாட்டமோ 2020ஆம் ஆண்டில்தான் செர்ன் ஆய்வுக்கூடத்தில் நேரடியாக அளக்கப்பட்டது. அது 233, அயோடினைவிடக் குறைவு, ஆகவே அங்கே போக்கு தொடர்கிறது.

பதின்மூன்றாம் தொகுதியில் அலுமினியத்துக்கு 577.5, காலியத்துக்கு 579, இண்டியத்துக்கு 558, தாலியத்துக்கு 589 என்று அயனியாக்கும் ஆற்றல்கள் ஏறி இறங்குவதும் இதே குடும்பத்துச் செய்தி. காலியத்துக்கு முன்னால் பத்து டி எலக்ட்ரான்களும், தாலியத்துக்கு முன்னால் பதினான்கு எஃப் எலக்ட்ரான்களும் நிரம்புகின்றன. இவை அணுக்கருவைச் சரியாக மறைக்கத் தெரியாதவை. எஃப் எலக்ட்ரான்களால் நேரும் இந்தச் சுருக்கம் லாந்தனைடு குறுக்கம் எனப்படுகிறது; அதன் விளைவாக, சிர்கோனியமும் அதற்கு நேர் கீழேயுள்ள ஹாஃப்னியமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன: உலோக ஆரங்கள் 160, 159 பிகோமீட்டர். வேதிப்பண்புகளில் அவ்வளவு ஒத்திருப்பதால் ஹாஃப்னியம் 1923 வரை கண்ணில் படாமல் சிர்கோன் கனிமத்துக்குள் ஒளிந்திருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கோனிலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும். அணு உலைக்கான சிர்கோனியத்தில் ஹாஃப்னியம் இருக்கக் கூடாது, ஏனெனில் அது நியூட்ரான்களைப் பல நூறு மடங்கு அதிகமாக விழுங்கிவிடும். தூத்துக்குடி அருகே பழையகாயலில் உள்ள சிர்கோனியம் வளாகம் போன்ற இடங்களுக்காக இந்த இரட்டையர்களைப் பிரிப்பது பெரும்பாடு. தொகுதி ஒற்றுமை மிகச் சிறப்பாக அமைந்துவிட்டால் அதுவே தொழிற்சாலைக்குத் தலைவலி.

தேர்வுக்கு என்ன எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வினாவில் எந்த நிலை குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீர்க்கரைசலில் வலிமை மிக்க ஒடுக்கி என்றால் லித்தியம், காரணம் நீரேற்ற ஆற்றல். நீரோடு மிகத் தீவிரமாக வினைபுரிவது என்றால் சீசியம், காரணம் குறைந்த அயனியாக்கும் ஆற்றலும் குறைந்த உருகுநிலையும். எலக்ட்ரான் நாட்டம் மிகுந்த தனிமம் குளோரின், வலிமை மிக்க ஆக்சிஜனேற்றி புளூரின். வினாவே தெளிவில்லாமல், வினைத்திறன் மிக்க கார உலோகம் எது என்று மட்டும் கேட்டால், அயனியாக்கும் ஆற்றலை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள் என்று கொண்டு சீசியம் என எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

பின்னாளில் ஆய்வகத்தில் பணியாற்ற நேர்ந்தால் இந்த வேறுபாடு மதிப்பெண்ணுக்கு மேலான காரியமாகும். சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்துப் பாதுகாப்பது எல்லோரும் அறிந்தது. லித்தியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.534 கிராம் மட்டுமே என்பதால் அது மண்ணெண்ணெயிலும் மிதந்து காற்றுபட நிற்கும். ஆகவே பாரஃபின் மெழுகில் பொதிந்து வைக்க வேண்டும். பொட்டாசியத்தை மண்ணெண்ணெயில் வைத்தாலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மேலே மஞ்சள் நிறச் சூப்பராக்சைடு படிந்துவிடும். அந்தப் படிவத்தோடு கத்தியால் வெட்டினால் வெடிக்கக்கூடும், எனவே பழைய பொட்டாசியத்தை வெட்டாமல் அனுபவமுள்ளவரிடம் ஒப்படைத்து அகற்றச் செய்வதே முறை. சோடியத்தைக் கையாள உலர்ந்த நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டி போதுமானது. தொகுதியிலேயே சாது என்று பெயரெடுத்த லித்தியமோ நைட்ரஜனோடே சேர்ந்துவிடும் என்பதால் அதற்கு அது உதவாது. மின்கல ஆய்வகங்களில் லித்தியத்தைக் கையாளும் பெட்டிகளில் ஆர்கானை நிரப்புவது அதனால்தான்.